கரைந்துபோன பல்லைச் சீவாமல் கட்டியெழுப்ப முடியுமா?

2024 ஜனவரி 9
(கொழிஞ்சாம்பாறை வாசகரின் கேள்வி)

வயது 44. மேல்வரிசை முன்பற்கள் ஆறும் தேய்ந்து, நுனி கண்ணாடிபோல் மெலிந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. ஆறுக்கும் ரூட் கெனால் செய்து கேப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நான் பார்த்த மருத்துவர் சொல்கிறார். பல்லைச் சீவாமலே பல் நிறப் பொருளை ஒட்டிக் கட்டும் முறை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். அதெல்லாம் ஆறு மாதத்துக்கான ஒட்டுவேலை என்று என் மைத்துனர் அடித்துப் பேசுகிறார். எது சரி?

2024 ஜனவரி 10

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

நான் பல் மருத்துவன் அல்லன். முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சரக்குப் பார்த்துக் கணக்கு எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட அதே ஆறு ரூட் கெனாலும் ஆறு கேப்பும் 2022-இல் எனக்கும் சொல்லப்பட்டன. நான் தள்ளிப்போட்டேன், காரணம் அறிவு அன்று, பயம். கடந்த நவம்பரில் பாலக்காட்டில் வேறொரு மருத்துவர், ஒரு பல்லையும் சீவாமல், ஒரு நரம்பையும் எடுக்காமல், கரைந்துபோன அளவுக்குக் காம்போசிட் என்னும் அந்தப் பல் நிறப் பொருளை ஒட்டிக் கட்டித் தந்தார். இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே என் வார்த்தையை இரண்டு மாத அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேப் பற்றி நான் தெரிந்துகொண்ட கணக்கு இது. கேப் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகப் பல்லைச் சுற்றிலும் சீவவேண்டியிருக்கிறது. முன்பல்லுக்கு முழு கேப் போடும்போது வெளியே தெரியும் பல்லின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு வரை போய்விடுகிறது என்று 2002-இல் வெளிவந்த ஓர் அளவீடு காட்டியது. மேலே ஒட்டும் மெல்லிய வெனீருக்கு வடிவத்தைப் பொறுத்து 3 முதல் 30 விழுக்காடுதான். அதுவும் முழுப் பல்லில் எடுத்த கணக்கு. ஏற்கெனவே பாதி கரைந்த பல்லை மேலும் சீவினால் நரம்பு வெளியே வந்துவிடும் என்பதால்தான், உயிரோடிருக்கும் நரம்பை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்கிறார்கள். நோய் தின்றது ஒரு பங்கு, வைத்தியம் தின்பது இரண்டு பங்கு.

2024 ஜனவரி 12

சொத்தையையும் கரைவதையும் ஒன்றாக எண்ணிப் பலர் எழுதியிருப்பதால் இது. சொத்தையில் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்க, அது ஓரிடத்தில் உட்கார்ந்து குடைகிறது. கரைவதில் கிருமிக்கு வேலையே இல்லை. அமிலம் நேராக வாய்க்குள் வந்து, தான் படும் பரப்பையெல்லாம் இழைப்புளி போட்டதுபோல் மேலிருந்து இழைத்துக்கொண்டு போகிறது. ஆகவே பல் அழுக்கில்லாமல் பளபளவென்று இருப்பவர்களுக்கும் இது வருகிறது. அந்தப் பளபளப்பே சில நேரம் அடையாளம்.

புளிப்பை அளக்கும் பிஎச் எண் வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடான எனாமல் தன் சுண்ணச்சத்தை விடத் தொடங்கும். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அதற்கு அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் அதற்கும் முன்பாக, ஆறுக்கு மேல் இருக்கும்போதே விட்டுவிடும். எலுமிச்சைச் சாறு இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் நிற்கிறது, கோலா இரண்டரையை ஒட்டி, நம் இரைப்பை அமிலம் ஒன்றிலிருந்து இரண்டு. இந்த அளவில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தின் வீரியம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை மறந்துவிட்டு, ஐந்தரைக்கும் இரண்டரைக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று எண்ணக் கூடாது. அது ஆயிரம் மடங்கு.

என் கதையில் காரணம் பிடிபட்டது ஒரு மொழிக் குழப்பத்தால். பாலக்காட்டு மருத்துவர் முதல் நாள் மலையாளத்தில், “பல்லு புளிப்புண்டோ?” என்று பல் கூசுவதைக் கேட்டார். எங்கள் வீட்டில் அதைக் கூச்சம் என்றுதான் சொல்வோம். புளிப்பு தின்பதுண்டா என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு, “தினமும் உண்டு டாக்டர், சீசனில் நாளுக்கு நாற்பது துண்டு” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு வண்டிச் சரக்கிலும் ஒரு காயைக் கீறிக் கடித்துப் பார்த்தே முற்றலைச் சொல்வது எனக்குப் பழக்கம் என்பதும், பச்சை மாங்காயின் பிஎச் மூன்றுக்குப் பக்கத்தில் என்பதும் அந்த அறையில்தான் ஒன்றாகச் சேர்ந்தன.

2024 ஜனவரி 21

மேலே எழுதியதைப் படித்தவர்கள் மாங்காய்தான் குற்றவாளி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன், அது பாதிதான்.

மருத்துவர் ஒரு சிறு கண்ணாடியை என் மேலண்ணத்துப் பக்கம் வைத்து, முன்பற்களின் பின்புறத்தைக் கைபேசியில் படமெடுத்துக் காட்டினார். என் வாயில் அப்படி ஓர் இடம் இருப்பதையே அதுவரை நான் பார்த்ததில்லை. ஆறு பல்லின் உட்புறமும் வழுவழுவென்று குழிந்து, நடுவில் மஞ்சளாகவும், ஈறை ஒட்டி மட்டும் வெள்ளை நூல்போல் ஒரு விளிம்பு மிஞ்சியும் இருந்தது. கடித்துத் தின்னும் புளிப்பு முன்பல்லின் வெளிப்புறத்தையும் நுனியையும் கடைவாயின் மேற்பரப்பையும் தொடும். மேல் முன்பல்லின் பின்பக்கம் இப்படிப் போகிறதென்றால் அமிலம் கீழேயிருந்து ஏறி வருகிறது என்று சந்தேகிக்கவேண்டும் என்றார். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம் நாக்கு மூடியிருந்ததால் தப்பித்திருந்தது. எனக்கு நெஞ்செரிச்சல் என்று ஒன்று இருந்ததே இல்லை. காலையில் வாய் புளித்துக் கிடப்பதும் படுத்தால் வரும் வறட்டு இருமலும் மட்டும் உண்டு. கோயம்புத்தூரில் வயிற்று மருத்துவரைப் பார்த்ததில் எதுக்களிப்பு என்று உறுதியானது. மாத்திரை, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாடு, இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தல், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் முண்டுக்கட்டை. இரவெல்லாம் சறுக்கிக்கொண்டே போய் விடியும்போது கால்மாட்டில் இருப்பதாக என் மனைவி சொல்கிறார்.

கடைவாயில் 1994-இல் அடைத்த வெள்ளி ஃபில்லிங் ஒன்று உண்டு. மழை அரித்த வரப்பில் மண் போய்க் கல் மட்டும் துருத்தி நிற்பதுபோல், அதைச் சுற்றியிருந்த பல் கரைந்து, ஃபில்லிங் மட்டும் மேடாக நின்றது. அரைப்பதால் தேய்ந்திருந்தால் பல்லோடு உலோகமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். பல் மட்டும் தாழ்ந்திருக்கிறதென்றால் அமிலம்தான்.

2024 ஜனவரி 22

பல் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கு அளவு உண்டா என்று கேட்டவருக்கு: 2008-இல் பார்ட்லெட், கான்ஸ், லூசி என்ற மூவர் வகுத்த ஒரு மதிப்பெண் முறை உண்டு. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பல்லுக்குச் சுழியிலிருந்து மூன்று வரை போட்டுக் கூட்டவேண்டும். பரப்பில் பாதியோ அதற்கு மேலோ போயிருந்தால் மூன்று. மொத்தம் 18. எனக்கு 13. பள்ளிக்கூடத்தில் இப்படி வாங்கியிருந்தால் வீட்டில் கொண்டாடியிருப்பார்கள்.

2024 பிப்ரவரி 4

கட்டிய விதத்தை விவரமாக எழுதும்படி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். கொட்டகை ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பதால் இன்று எழுதுகிறேன்.

முதலில் வாயில் எதுவும் செய்யவில்லை. அச்செடுத்து, கல்போல் இறுகும் மாவில் என் பற்களை வார்த்து, அந்த வார்ப்பின்மேல் இழந்த பகுதியை மெழுகால் நிரப்பி, எனக்கு முப்பது வயதில் இருந்திருக்கக்கூடிய பல்லைச் செய்தார்கள். அதன்மேல் கண்ணாடிபோல் தெளிந்த சிலிக்கோனில் ஓர் உறை அச்சு. அந்த அச்சில் தற்காலிகப் பசையை நிரப்பி வாயில் மாட்டி எடுத்தபோது, பல்லைத் தொடாமலே புதிய பல் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்தேன். முயலாகிவிட்டதுபோல் இருந்தது. அரை மில்லிமீட்டர் குறைக்கச் சொன்னேன், மெழுகில் குறைத்தார்கள். பல்லைச் சீவிய பிறகு மனம் மாறினால் இப்படித் திரும்ப முடியுமா?

அடுத்த அமர்வில் ஊதா நிற ரப்பர் தாளில் துளையிட்டு ஆறு பல்லையும் அதன் வழியே வெளியே எடுத்துக் கட்டினார்கள். மூச்சின் ஈரமும் எச்சிலும் பட்டால் ஒட்டு நிற்காது என்பதால் இந்தத் தாளை அவர் உயிராக மதித்தார். 2021-இல் ஓரிடத்தில் ஈறோரப் பள்ளங்களுக்குப் பஞ்சை மட்டும் ஒதுக்கிவைத்து அடைத்தார்கள். மூன்று மாதத்தில் மூன்றும் விழுந்தன, ஒன்றை மோர்க்குழம்போடு விழுங்கியிருக்கிறேன். மைத்துனர் சொல்லும் ஆறு மாத ஒட்டுவேலை அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம்.

பிறகு ஐம்பது மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு தூளைக் காற்றோடு சேர்த்துப் பல்லின்மேல் பீய்ச்சினார்கள். நெடுநாள் அமிலத்தில் கிடந்த டென்டின் தன்னைக் காத்துக்கொள்ளத் துளைகளை அடைத்துக்கொண்டு வழவழப்பாகிவிடுகிறது; அந்த வழவழப்பில் பசை பிடிப்பது கடினம். அதன்பின் 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலக் கூழ், எனாமலில் முப்பது விநாடி, டென்டினில் பதினைந்து. கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்துவிடுகிறது. ஈறோரம் மிஞ்சியிருந்த அந்த வெள்ளை நூல் விளிம்பின் அருமை அப்போதுதான் புரிந்தது. ஒட்டு மிக உறுதியாகப் பிடிப்பது எனாமலில்தான். சுற்றிலும் எனாமல் விளிம்பு இருந்தால் உள்ளே ஈரம் கசியாது. கேப்புக்காகச் சீவும்போது முதலில் போவது அந்த விளிம்புதான்.

பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க, குழாய்க்காரர் மரையில் சுற்றும் அதே வெள்ளை டேப்பை ஒரு பல் விட்டு ஒரு பல் சுற்றினார்கள். நான் சந்தேகமாகப் பார்த்ததைக் கவனித்த மருத்துவர், “இது கிருமி நீக்கியது, அது கடையில் வாங்கியது, மற்றபடி பொருள் ஒன்றுதான்” என்றார். ஒட்டுத் திரவத்தைத் தூரிகையால் தேய்த்து, காற்றால் மெலிதாக்கி, நீல ஒளி காட்டினார்கள். தெளிந்த அச்சை மாட்டி, அதிலிருந்த துளை வழியே சூடாக்கிய காம்போசிட்டைச் செலுத்தி, அச்சின் ஊடாகவே மறுபடி ஒளி. விளிம்பில் பிதுங்கியதைச் சிறு கத்தியால் நறுக்கி மெருகேற்றினார்கள். ஊசி போடவில்லை. இரண்டு நாள், மொத்தம் ஐந்து மணி நேரம். வலி தாடைக்குத்தான், திறந்தே வைத்திருந்ததால்.

2024 பிப்ரவரி 5

அமிலத்தால் போன பல்லை அமிலம் வைத்தா ஒட்டுவது என்று வேலந்தாவளத்து அன்பர் கேலி செய்கிறார். வேடிக்கைதான். ஆனால் இந்த முறை முழுவதும் அந்த வேடிக்கையின்மேல்தான் நிற்கிறது. உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைக் கண்ட மைக்கேல் புவோனோகோர், 1955-இல் அதையே பல்லின் எனாமலில் செய்து பார்த்தார். அவர் வைத்தது 85 விழுக்காடு அமிலம். அதற்கு முன்பு, அடைக்கும் பொருள் விழாமலிருக்கப் பல்லைப் பொந்துபோல் உட்பக்கம் அகலமாகக் குடையவேண்டியிருந்தது. ஒட்டும் என்று ஆன பிறகு குடையவேண்டிய தேவை குறைந்தது. டென்டினிலும் பிசின் ஊறிக் கலந்து ஒரு படலமாகிறது என்பதை ஜப்பானின் நாகபயாஷி 1982-இல் காட்டினார். எதுக்களிப்பு ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடின்றிச் செய்வதற்கும், முப்பது விநாடி அளந்து வைத்துக் கழுவுவதற்கும் உள்ள வேறுபாடு, வெள்ளத்துக்கும் வாய்க்காலுக்கும் உள்ள வேறுபாடு.

2024 பிப்ரவரி 18

நான் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பொள்ளாச்சி வாசகர் சரியாகப் பிடித்துவிட்டார். முன்பல் கரைந்தால் இடைவெளி தோன்றவேண்டுமே, அந்த இடத்தில் கட்டிவிடலாமே, பிறகு என்ன சிக்கல் என்கிறார். இடைவெளி தோன்றாது என்பதுதான் சிக்கல். பல் கரையக் கரைய எதிர்ப்பல் மெல்ல வளர்ந்துவந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. என் கீழ்ப்பற்கள் மேற்பற்களின் குழிக்குள் போய்ப் படுத்திருந்தன. காம்போசிட்டுக்கு ஒரு தாள் அளவு இடம்கூட இல்லை. சீவி இடம் உண்டாக்குவது ஒரு வழி. மற்றொரு வழி, உயரமாகவே கட்டிவிட்டுப் பொறுத்திருப்பது.

1975-இல் நார்வேயின் பியோர்ன் டாலும் உடன் பணியாற்றியவர்களும் இப்படித் தேய்ந்த முன்பற்களின் உட்புறம் கழற்றி மாட்டக்கூடிய கோபால்ட்-குரோமியம் தகடு ஒன்றை வைத்தார்கள். கடித்தால் முன்பற்கள் மட்டும் தகட்டில் மோதும், பின்பற்கள் தொடாது. சில மாதங்களில் முன்பற்கள் சற்று உள்ளே அமுங்கி, பின்பற்கள் சற்று மேலெழும்பி, மறுபடி எல்லாம் தொட்டுக்கொண்டன. தகட்டை எடுத்தபோது முன்னால் இடம் கிடைத்திருந்தது. இன்று தகட்டுக்குப் பதில் காம்போசிட்டையே நேரடியாக உயரமாகக் கட்டிவிடுகிறார்கள். எனக்குச் செய்தது இதுதான்.

ஆகவே நவம்பரிலிருந்து என் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் வெளிச்சம். கஞ்சி, இட்லி, புட்டு, குழைந்த சோறு. முதல் இரண்டு வாரம் ‘ஸ’ வந்தால் விசில் அடித்தது; ‘சரக்கு’ என்று தொலைபேசியில் சொன்னால் கோயம்பேட்டு வியாபாரி இரண்டு முறை கேட்டார். இதை முன்னமே எழுதாமல் விட்டது என் பிழை. படித்துவிட்டு ஆசையாய்ப் போய்க் கட்டிக்கொண்டவர் பிறகு என்னைத்தான் வைவார்.

2024 மார்ச் 3

இந்தக் கேள்வி-பதில் இழை மோருக்குப் போய்விட்டது. எலுமிச்சை கூடாது, மாங்காய் கூடாது என்றால் தயிரும் புளிப்புதானே என்ற கேள்வி நியாயமானது. தயிரின் பிஎச் நான்கை ஒட்டியிருக்கிறது, ஐந்தரைக்குக் கீழேதான். ஆனாலும் தயிர் பல்லைக் கரைப்பதில்லை. கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் நிறைந்திருப்பதால், பல்லிலிருந்து மேலும் எடுத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. உப்பு முழுவதும் கரைந்து தெவிட்டிய நீரில் மறுபடி உப்புப் போட்டால் அடியில் தங்கிவிடுவதுபோல. ஆகவே பிஎச் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இது தயிருக்குச் சொன்னது. எலுமிச்சை பிழிந்து நீட்டிய மோருக்கு அன்று.

சோடா நாரங்கா என்னும் எலுமிச்சைச் சோடா குடிப்பவர்கள் எவ்வளவு குடிக்கிறோம் என்று எண்ணுவதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எண்ணவேண்டும். ஒரே மூச்சில் ஒரு குவளை குடித்தவரின் எச்சில் விரைவில் நிலைமையைச் சரிசெய்துவிடும். பேச்சுத் துணைக்காக அதே குவளையை முக்கால் மணி நேரம் உறிஞ்சுபவரின் பல்லுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது.

2024 மார்ச் 4

கள்ளைப் பற்றிக் கேட்டவருக்கு: காலைக் கள் இனிக்கும், மாலைக் கள் புளிக்கும்; அந்தப் புளிப்பு முழுவதும் அமிலம்தான். கள்ளுக்குப் பேர்போன எங்கள் சித்தூர்த் தாலுகாவில் இருந்துகொண்டு இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை.

2024 ஏப்ரல் 14

இன்று காலை விஷுக்கணி பார்த்த கையோடு இன்னொன்றையும் பார்த்தேன். மாதம் இருமுறை நாளிதழின் ஓரத்தை மெல்லிய பட்டையாகக் கிழித்துக் கடைவாயில் வைத்துக் கடித்து இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். நவம்பரிலிருந்து தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். மார்ச் கடைசியில் வலப்பக்கம் சற்றுத் தடுக்கியது. இன்று இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, இழுத்தால் கிழிந்தது. ஐந்து மாதம். மதியம் வடை தின்றேன். கடைவாயால், முழு வடை.

2024 மே 26

இரண்டு திருத்தம்.

ஒன்று, புளிப்புத் தின்றால் அரை மணி நேரம் கழித்தே பல் துலக்கவேண்டும் என்று முன்பு ஒருவருக்குக் கறாராகப் பதில் எழுதியிருந்தேன். அமிலத்தில் இளகிய எனாமல் அரை மணி நேரத்தில் பழையபடி இறுகிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தக் காத்திருப்பால் கிடைக்கும் பயன் நான் எழுதிய அளவுக்குப் பெரிதன்று என்று மருத்துவர் சொன்னார். உடனே தண்ணீரால் கொப்பளிப்பது, மெல்லிய நாருள்ள பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், எல்லாவற்றுக்கும் மேலாக அமிலம் வரும் தடவையைக் குறைப்பது ஆகியவைதான் முக்கியம். எதுக்களித்து எழுந்த இரவில் ஒரு சிட்டிகை சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கிறேன்.

இரண்டு, உமிக்கரி. நான் நாற்பது வயது வரை உமிக்கரியால்தான் துலக்கினேன், அதுவும் வேலை முடிந்து, நாற்பது துண்டு மாங்காய் கடித்த வாயோடு, சாயங்காலத்தில். இளகிய பரப்பின்மேல் உப்புத்தாள் போட்டதற்குச் சமம். ஆனால் உமிக்கரியே கெடுதல் என்று நான் எழுதிய வரியை எதிர்த்து, தன் பாட்டி எண்பது வயது வரை உமிக்கரியால் துலக்கிக் கரும்பு கடித்தார் என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. என் பாட்டியும் அப்படித்தான். அவர்கள் நாளெல்லாம் புளிப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கவில்லை, இரவு எட்டு மணிக்கு முன் சாப்பிட்டார்கள். தேய்ப்பது தனியாக வந்தால் பல் தாங்கும், கரைப்பதும் கூட வந்தால் தாங்காது என்று அந்த வரியைத் திருத்திப் படிக்கவும்.

2024 செப்டம்பர் 17

உடைந்தது.

திருவோணத்தன்று பக்கத்து வீட்டில் சர்க்கரை உப்பேரி, அதாவது வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவல், கொடுத்தார்கள். கடைவாய் வேலை செய்ய ஆரம்பித்த கர்வத்தில் முன்பல்லாலேயே கடித்தேன். இடப்பக்க மேல் வெட்டுப்பல்லின் மூலை, அரிசிக் குருணை அளவு, நாக்கில் தனியாகக் கிடந்தது. வெல்லத் துணுக்கு என்று எண்ணி ஒரு முறை மென்றும் விட்டேன்.

2024 செப்டம்பர் 22

மைத்துனரின் பாதி உண்மைக்கு வருவதாக ஜனவரியில் சொன்னேன். இப்போதுதான் அதற்குத் தகுதி வந்திருக்கிறது. காம்போசிட் சில்லு போகும். மஞ்சளும் தேநீரும் கறை ஏற்றும். எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெருகேற்றவேண்டியிருக்கிறது. செராமிக் அளவுக்குத் தேய்மானம் தாங்காது. இரவில் பல் நறநறவென்று கடிப்பவராக இருந்தால் இன்னும் விரைவில் போகும். இது ஆயுளுக்கும் செய்த வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நேற்று அதைச் சரிசெய்த விதத்தையும் கேளுங்கள். உடைந்த விளிம்பைத் தூள் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, ஒட்டுத் திரவம் தடவி, சிறிது காம்போசிட் வைத்து ஒளி காட்டி மெருகேற்ற இருபத்தைந்து நிமிடம். ஊசியில்லை, என் பல்லில் ஒரு துகளும் எடுக்கப்படவில்லை. உடைந்தது கட்டியதுதான், பல் அன்று. கேப் போட்ட பல்லில் கோளாறு வந்தால் பல நேரம் உள்ளே குச்சிபோல் மிஞ்சியிருக்கும் பல்லே முறிகிறது. அதற்குப் பிறகு பிடுங்குவதுதான். எது உடையவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றால் நான் காம்போசிட் உடைவதையே தேர்ந்தெடுப்பேன்.

கண்ணாடி அயனோமர் என்னும் சிமெண்டைக் கொண்டு மலிவாகக் கட்டலாமே என்று கேட்டவருக்கு: 1972-இல் வில்சனும் கென்ட்டும் அறிமுகப்படுத்திய அருமையான பொருள் அது, தானாகப் பல்லில் ஒட்டும், ஃபுளோரைடும் கசியும். சொத்தைக்கு நல்லது. ஆனால் அமிலத்தில் அதுவும் கரையும். அமிலம் வரும் வாயில் அதை வைத்து முன்பல் கட்டுவது, ஆற்றங்கரைக்கு மண்சுவர் வைப்பது.

கடைவாய்க்கு இதே கணக்கு இல்லை. அங்கே அழுத்தம் அதிகம். என்னுடையவற்றில் குழிகளை மட்டும் நிரப்பினார்கள், துருத்திய வெள்ளி ஃபில்லிங்கையும் எடுத்துக் காம்போசிட் வைத்தார்கள். இன்னும் மோசமாக இருந்தால், லித்தியம் டைசிலிகேட் செராமிக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய மூடி செய்து மேற்பரப்பில் ஒட்டுவார்களாம். ஜெனீவாவில் பிரான்செஸ்கா வைலாட்டியும் உர்ஸ் பெல்சரும் 2008-இல் எழுதிய மூன்று படி முறையில் முதலில் கடைவாயை உயர்த்திக்கொண்டு, முன்பல்லின் பின்புறம் காம்போசிட்டும் முகப்பில் செராமிக் வெனீருமாக இரு பக்கமும் ஒட்டுகிறார்கள். நரம்பைக் காப்பாற்றுவதுதான் அதன் குறிக்கோள். என் முகப்பு அவ்வளவு மோசமில்லை. இருந்த அழகு போதும் என்று விட்டுவிட்டேன்.

2024 நவம்பர் 30
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

கேள்வி கேட்டு ஓராண்டு ஆகப்போகிறது. இரண்டாவது மருத்துவரிடம் போனேன். குளிர்ச்சி வைத்துச் சோதித்ததில் ஆறில் நான்கு பல்லுக்கு நரம்பு நன்றாக இருக்கிறது. இரண்டு செத்துவிட்டன, எக்ஸ்ரேயில் வேரடியில் கருப்பாகத் தெரிகிறது. அந்த இரண்டுக்கும் ரூட் கெனால் வேண்டுமாம். அப்படியானால் முதல் மருத்துவர் சொன்னது சரிதானே?

2024 டிசம்பர் 1

இரண்டுக்குச் சரி, நான்குக்குத் தவறு. நான் ஜனவரியில் எழுதியதைப் படித்துவிட்டு ரூட் கெனால் என்றாலே ஏமாற்று என்று நீங்கள் எண்ணியிருந்தால், அப்படி எண்ணும்படி எழுதியது என் குற்றம். நரம்பு செத்த பல்லுக்கு அது கட்டாயம். அந்த இரண்டில் சுவர் எதுவும் மிஞ்சவில்லையென்றால் கேப்பும் நியாயம்தான். என் சண்டை, கேப்புக்கு இடம் வேண்டும் என்பதற்காக உயிருள்ள நரம்பை எடுப்பதோடு மட்டும்.

ஒன்று கேட்கிறேன், இந்த இழை முழுவதிலும் நீங்கள் பதில் சொல்லாத கேள்வி. அமிலம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? அது தெரியாமல் கட்டினால், காம்போசிட் அப்படியே நிற்க அதன் ஓரத்தில் உங்கள் பல் கரைந்து, என் வெள்ளி ஃபில்லிங்போல் அதுவும் துருத்தி நிற்கும்.

2024 டிசம்பர் 2
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பேருந்து ஓட்டுநர். தூக்கம் வராமலிருக்க நாளுக்கு ஐந்தாறு பாட்டில் கோலா, பதினாறு ஆண்டுகளாக. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2024 டிசம்பர் 2

யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் பாட்டிலையும் உப்புக்கடலையையும் வண்டியில் வையுங்கள். தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரையில்லாத கட்டங்காப்பி, பால் விடாதது. மைத்துனரையும் அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அவருடைய பல்லையும் பார்க்கட்டும்.

2025 ஜனவரி 19

சீசன் தொடங்கிவிட்டது. காயைக் கடிப்பதை விட்டு இது இரண்டாம் ஆண்டு. காம்பைச் சுற்றித் தோள் எழும்பியிருக்கிறதா என்று பார்க்கிறேன், ஒன்றைக் குறுக்கே வெட்டிக் கொட்டையை ஒட்டிய சதையின் மஞ்சளைப் பார்க்கிறேன், மிச்சத்தைத் தண்ணீர் வாளியில் போடுகிறேன். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். முன்பு நாக்கால் சொன்ன முடிவுக்கும் வாளி சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது சற்று அவமானமாகத்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் நேற்று காலையிலேயே ஒன்பதாவது துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வாளியை அவன் பக்கம் நகர்த்திவைத்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் தேக்கரண்டியின் பின்புறத்தைக் கண்ணாடியாக வைத்து மேற்பல்லின் உட்புறத்தைப் படமெடுத்துக்கொள்கிறேன். பதினான்கு படம் சேர்ந்திருக்கிறது. முதல் படத்தையும் இம்மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், உப்பேரியில் உடைந்து ஒட்டிய மூலை சற்று வெளுப்பாகத் தெரிகிறது. ஈறோர வெள்ளை விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கறை ஏறியிருப்பதால் மெருகேற்ற பிப்ரவரி 8-க்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.